குழாயக்காவின் மூன்றாவது தாள்

அந்தப் பல் மருத்துவமனைக்கு வருகிற யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. பதினான்கு வருஷமாக அவள் குழாயக்காதான். டாக்டரம்மா பல்லைக் குடையும்போது வாயில் தேங்குகிற தண்ணீரையும் எச்சிலையும் சர்ரென்று உறிஞ்ச ஒரு குழாய் உண்டல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது அவள் வேலை. நாக்கில் படாமல், கன்னத்தைக் கவ்வாமல், நோயாளிக்குக் குமட்டாமல் அதைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு நாள் வந்து பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு என்ன ஆகிறதென்று தெரியும்.

டாக்டரம்மாவுக்குச் சக்கரம் வைத்த வட்ட ஸ்டூல். நோயாளிக்குச் சாய்வு நாற்காலி. வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குக்கூடச் சுழல் நாற்காலி. அந்தக் கட்டடத்தில் நின்றபடியே நாளைக் கழிக்கிற ஒரே ஜீவன் குழாயக்காதான். நாற்பத்திரண்டு வயதில் அவளுடைய முழங்கால்கள் ஏறும்போது ஒரு சத்தமும் இறங்கும்போது ஒரு சத்தமும் போட்டன.

மருத்துவமனையில் இன்னொரு அறை இருந்தது. அதில் ஒரு பழைய சாய்வு நாற்காலியும், தலைக்கு மேல் விளக்கும், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஸ்டூலும் சும்மா கிடந்தன. மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா அந்த அறையின் சாவியை மேசை மேல் வைத்துச் சொன்னார்: "வாய்நலப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க. கறை எடுக்கிறது, ஈறு பாக்கிறது எல்லாம் இந்த ரூம்ல நீங்களே பண்ணலாம். உங்க ஸ்டூல், உங்க லைட், உங்க நோயாளி."

அன்றைக்கு அவள் உறையைத் தூக்கிவிட்டு அந்த ஸ்டூலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். யாரும் வருவதற்குள் எழுந்துவிட்டாள். ஆனால் உட்கார்ந்த சுகம் உட்கார்ந்ததுதானே, அது போகவில்லை.

பரீட்சைக்கு மூன்று தாள்கள். முதல் தாள் பல்லும் ஈறும். அதில் என்ன இருக்கிறது, பதினான்கு வருஷமாகப் பார்த்ததுதானே, ஊதித் தள்ளிவிட்டாள். இரண்டாவது தாள் சுத்தமும் கருவிகளும். அதையும் தட்டிவிட்டாள். மூன்றாவது தாளின் பெயர் 'மருத்துவ அறிவியலும் மருந்துகளும்'. அங்கேதான் குழாயக்கா மாட்டிக்கொண்டாள். ஒரு தடவை எழுதித் தோற்றாள். மறுபடி எழுதித் தோற்றாள். ஒரு தாளை மூன்று தடவைதான் எழுதலாம் என்பது விதி. மூன்றாம் தடவையும் போனால் தேறிய இரண்டு தாள்களும் சேர்ந்து குப்பைக்குப் போகும். பிறகு தலைகீழாக நின்றாலும் அந்த ஸ்டூல் கிடைக்காது.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பல்லுக்குப் பரீட்சை எழுத வந்தவளிடம் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? புத்தகத்தைத் திறந்தால் இதயத்தின் படம். படத்தில் வலது பக்கம் இருப்பதை இடது என்று எழுதியிருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து ஒரு வாரம் திருத்தித் திருத்திப் படித்தாள். படத்தில் இருக்கிறவன் நம்மைப் பார்த்து நிற்கிறான், அவனுடைய இடது நமக்கு வலது என்று பிறகுதான் தெரிந்தது. படித்ததையெல்லாம் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. அதற்குள் கல்லீரலும் பக்கம் மாறிவிட்டது.

மருந்துகளின் கதை அதைவிட மோசம். கடையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர். ஒரே மாத்திரையை நெஞ்சு படபடப்புக்கும் கொடுக்கிறார்கள், கை நடுக்கத்துக்கும் கொடுக்கிறார்கள், ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிறார்கள். அப்படியானால் அது என்ன மாத்திரை? ரத்தக் கொதிப்பைக் குறைக்கிற மாத்திரை ஈறை வீங்க வைக்கும் என்கிறது புத்தகம். எலும்பைக் காக்கிற மாத்திரை, பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பை ஆறவிடாது என்கிறது. காப்பாற்றுகிறதா கெடுக்கிறதா, ஒன்றைச் சொல்லித் தொலையக் கூடாதா என்று அவள் புத்தகத்திடமே கேட்டாள்.

போதாததற்குப் புத்தகம் ஒன்று சொன்னது, மருத்துவமனை இன்னொன்று செய்தது. பல் பிடுங்க வருகிறவர்களிடம் ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்தச் சொல்வது டாக்டரம்மாவின் பழைய வழக்கம். புத்தகமோ நிறுத்தாதே என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "பரீட்சையில புத்தகம் சொல்றதை எழுதுங்க" என்றார்.

"இங்க?"

"இங்க நான் யோசிச்சுச் சொல்றேன்."

அவர் யோசித்தாரா என்பது தெரியாது. குழாயக்காவின் குழப்பம் மட்டும் இரட்டிப்பானது.

படிக்க அவளுக்குக் கிடைத்த இடம் கருவிகளைக் கழுவி அவித்து எடுக்கிற சின்ன அறை. ஸ்டெரிலைசரில் கருவிகளை அடுக்கி மூடினால் அரைமணி நேரம் அது உஸ்ஸென்று தன் பாட்டுக்கு ஓடும். அந்த அரைமணிதான் ஒரு பாடம். மணி அடித்ததும் புத்தகத்தை மூடி, கையுறை போட்டு, தட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். நுரையீரலில் பாதி ஒரு சுற்றிலும் மீதி அடுத்த சுற்றிலுமாகப் போயிற்று. நடுவில் நாலு பேருக்குப் பல் பிடுங்கியதில் நுரையீரலின் முதல் பாதி மறந்திருக்கும்.

இரண்டாவது தடவை தோற்ற நாளில் பேருந்தில் உட்கார்ந்து யோசித்தபோது அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. எந்த மருந்தோடு எந்த மருந்து சேரக்கூடாது என்பது அவளுக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் சொந்தக்காரர்களில் யார் யாரோடு பேச மாட்டார்கள், யார் வந்தால் யார் எழுந்து போவார்கள் என்பது எல்லாமே ஒரு புள்ளி பிசகாமல் மனப்பாடம். சின்ன வயதிலிருந்தே அதில் அவள் முதல் மார்க்.

வீட்டுக்கு வந்த கையோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குடும்பத்தை வரைந்தாள். யார் எந்த மருந்து சாப்பிடுகிறார்களோ, அவரே இனி அந்த மருந்து. லிப்ட் பழுது பார்க்கிற அவள் வீட்டுக்காரர் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார், ஆகவே அவர் அம்லோடிபின். மாதம் ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லி ஈறு வீங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். மாமியார் வாரத்துக்கு ஒன்று விழுங்குகிற எலும்பு மாத்திரை. அந்தப் பாடம் சுலபமாக ஏறிவிட்டது: மாமியாரிடமிருந்து எதையும் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் ஆறவே ஆறாது.

பெரிய நாத்தனார்தான் வார்ஃபரின். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று நாலு வருஷமாக, ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். அளவு சரியாக இருக்கிறதா என்று மாதாமாதம் ரத்தம் பார்த்து ஒரு மஞ்சள் புத்தகத்தில் எண் குறிப்பார்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. அதற்கு மேலே போனால் ரத்தம் நிற்காது. அந்த மாத்திரையின் குணமும் நாத்தனாரின் குணமும் அச்சு அசல் ஒன்று. யார் பக்கத்தில் வந்தாலும் ஏதாவது ஒன்று கிளம்பும்.

அவளுடைய தங்கைதான் மைகோனசோல். தங்கைக்கு மூச்சிரைப்பு, தினமும் மருந்தை வாயில் அடித்து உறிஞ்சுவாள். உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளி என்று தலைபாடாகச் சொல்லியும் கேட்க மாட்டாள். அதனால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அதற்குத் தடவுகிற மைகோனசோல் களிம்பு ஆரஞ்சு வாசனையோடு தித்திப்பாக இருக்கும். அவள் கைப்பையில் எப்போதும் ஒரு குழல் கிடக்கும். நாக்கில் தடவுகிற களிம்புதானே, யாரை என்ன செய்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் வார்ஃபரினோடு சேர்ந்தால் அந்தத் தித்திப்புக் களிம்பு ரத்தத்தைக் கட்டுக்கடங்காமல் ஓட வைத்துவிடும். புத்தகத்தில் அதற்கு இரட்டைக் கட்டம் போட்டிருந்தது.

நாத்தனாருக்கும் தங்கைக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு பிரஷர் குக்கர். தங்கை இரவல் வாங்கிப் போன குக்கர் திரும்பி வந்தபோது மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தைக் காணோம். நான் வளையத்தோடுதான் கொடுத்தேன் என்று இவள், வளையம் இல்லாத குக்கரை வைத்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று அவர். ஒரு ரப்பர் வளையத்துக்குப் பதினோரு வருஷம்! ஒருத்தர் வருகிறார் என்றால் இன்னொருத்தர் வர மாட்டார். இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? இரண்டு பேருக்கும் நடுவில் குழாயக்கா சிவப்பு மையில் பட்டையாகக் கோடு போட்டாள்.

பாத்திரம் துலக்கும்போது வீட்டுக்காரர் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். "எங்க அக்காவையும் உன் தங்கச்சியையும் ஒரே சோபால உக்கார வைக்கலாமா?"

"கூடவே கூடாதுங்க. ரத்த ஆறு ஓடும்."

"சரியான பதில்" என்பார் அவர். "புத்தகத்துல இல்லாட்டியும் சரியான பதில்."

இப்படியே ஆறு மாதம் படித்தாள். முதல் முறையாக அந்தத் தாள் அவள் கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது. மாதிரித் தேர்வில் நூற்று இருபதுக்கு எண்பத்தொன்று. தேறுவதற்கு எழுபத்திரண்டு போதும்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வந்தது வினை.

நாத்தனார் புதிதாகக் கட்டிய பல்செட் உறுத்துகிறது என்று அன்றைக்குக் காலையில் வந்திருந்தார். டாக்டரம்மா அதைச் சீவிச் சரிசெய்து அனுப்பினார். ரசீதுக்காக அவர் வரவேற்பு அறையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத் தங்கை கடைவாய்ப் பல் வலி என்று வந்து நின்றாள். அறையில் இருந்தது இரண்டு பேர் உட்காருகிற ஒரே ஒரு சோபா. வரவேற்புப் பெண்ணுக்குக் குக்கர் வரலாறு தெரியாது. "உக்காருங்கம்மா, அந்த அம்மா பக்கத்துல இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

தட்டோடு வெளியே வந்த குழாயக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பேரும் சோபாவின் இரண்டு ஓரத்தில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாமா, யாரை முதலில் கூப்பிடுவது என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே தங்கைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு விடாமல் இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாத்தனார் சுவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"முதல்ல தண்ணியக் குடி. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே போனதும் தங்கைக்கு அழுகை வந்தது, தங்கை அழுததும் நாத்தனாருக்கும் வந்தது. பதினோரு வருஷத்துப் பேச்சு மடை திறந்த மாதிரி வெளியே வந்தது. அந்த வளையம் இரவல் கொடுக்கும்போதே வெடித்துப் போய்த்தான் இருந்தது என்று நாத்தனாரே ஒத்துக்கொண்டார். இரண்டு பேரும் சோபாவின் நடுவுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாக்கு எரியுதுடி ஒரு வாரமா" என்றார் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "டாக்டரம்மாகிட்ட சொன்னா, தூங்கும்போது பல்செட்டக் கழட்டி வைன்னு திட்டுவாங்க. அதான் வாயத் திறக்கல."

"அட, இதுக்குப் போயி! எங்கிட்ட ஒண்ணு இருக்கு அண்ணி. தித்திப்பா இருக்கும்." தங்கை கைப்பையைத் திறந்தாள்.

"குழாய் எங்கப்பா?" என்று உள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. குழாயக்கா ஓடினாள். போகிற போக்கில், தங்கையின் கையிலிருந்து சின்னதாக ஏதோ ஒன்று நாத்தனாரின் கைக்குப் போனதை அவள் பார்த்தாள்தான். ஆனால் அவள் தலைக்குள் அப்போது ஓடியது ஒன்றே ஒன்று: ஐயோ, என் முதல் நம்பர் ஜோடி போச்சே! சிவப்புக் கோடு போச்சே! இன்னும் பன்னிரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்தப் பாவிகள்?

அவள் பயந்த மாதிரியேதான் ஆயிற்று. இரண்டு பேரும் இப்போது தினம் போனில் பேசினார்கள். கடைக்குச் சேர்ந்து போனார்கள். புத்தகத்தில் வார்ஃபரின் என்று பார்த்தாலே அவளுக்கு அந்தச் சோபாவில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு சிரிப்பதுதான் கண்ணில் தெரிந்தது.

"எங்க அக்காவையும் உன் தங்கச்சியையும்..." என்று ஆரம்பிப்பார் வீட்டுக்காரர்.

"உக்கார வைக்கலாம்னு தோணுதுங்க" என்பாள் அவள் பரிதாபமாக. "கூடாதுன்னு தெரியுது. ஆனா தோணுது."

வேறு ஜோடி வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், வீட்டுக்காரரின் மேலதிகாரி என்று யார் யாரையோ இழுத்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. ஒன்றை மாற்றப் போய் மற்றதெல்லாம் கலைந்தது. மாமியாருக்கும் எலும்பு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே மறந்துபோனது. ஒரு நாள் வெட்கத்தை விட்டு வீட்டுக்காரரிடம் கேட்டும்விட்டாள்.

"என்னங்க, பரீட்சை முடியற வரைக்கும் அவங்க ரெண்டு பேரையும் லேசா மூட்டிவிட முடியுமா?"

"ஏய், உனக்கு என்ன பைத்தியமா?"

"சும்மா பன்னிரண்டு நாளைக்குத்தான். இப்ப ஒம்பது நாள்தான் இருக்கு."

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு அவளைத் தூங்கச் சொன்னார்.

பரீட்சை நடந்தது ஒரு கணினி மையத்தில். போன், பை, கடிகாரம் எல்லாவற்றையும் வாசலில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். நூற்று இருபது கேள்வி, மூன்று மணி நேரம். கண்காணிப்பாளர் விதிகளைப் படித்தார். மெலிந்த மனிதர், சளி பிடித்த குரல். வெளியே போனால் திரும்ப வர முடியாது என்ற விதியை அவர் இரண்டு தடவை படித்தார்.

முதல் நாற்பது கேள்விகளில் கொஞ்சம் திணறினாள். இடது, வலது என்று காற்றில் கையால் தொட்டுப் பார்த்ததில் பக்கத்தில் இருந்தவள் முறைத்தாள். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. மாமியார் வந்தார், சரியாகப் பதில் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் வீங்கிய ஈறோடு வந்தார், அவருக்கும் மார்க். இந்தத் தடவை கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று நினைக்கும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அறுபத்தெட்டாவது கேள்வி திரையில் வந்தது.

'அறுபத்திரண்டு வயதுப் பெண். வார்ஃபரின் எடுத்துவருகிறார். புதிய பல்செட்டின் கீழும் நாக்கிலும் வெண்படலம், எரிச்சல். இவருக்குத் தரக்கூடாத மருந்து எது?'

பழக்கதோஷத்தில் நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் வந்தார். தங்கையும் கூடவே வந்தாள், இரண்டு பேரும் அந்தச் சோபாவில். நாக்கு எரியுதுடி என்றார் நாத்தனார். தங்கை கைப்பையைத் திறந்தாள்.

குழாயக்கா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

அது பாடம் இல்லையே. நடந்ததல்லவா அது! அந்த அம்மாள் நிஜமாகவே வார்ஃபரின் சாப்பிடுகிறார். தங்கையின் பையில் நிஜமாகவே அந்தக் களிம்பு இருக்கிறது. இத்தனை நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் ஒரு ரப்பர் வளையம். அந்தச் சண்டை தீர்ந்துவிட்டது. அவள் கண்ணெதிரிலேயே தீர்ந்தது, அவளோ தன் மார்க்கை நினைத்து அழுதுகொண்டு குழாய் பிடிக்க ஓடினாள்.

அடுத்த நிமிஷம் சந்தேகம் வந்தது. கொடுத்தது அந்தக் களிம்புதானா? தித்திப்பாக இருக்கும் என்றாளே. மிட்டாயாக இருக்கலாம். அதே பூஞ்சைக்கு வார்ஃபரினோடு சண்டை போடாத சொட்டு மருந்து ஒன்றும் உண்டு, தங்கை போன வருஷம் அதைத்தான் வைத்திருந்தாள். இப்போது எது? குழலா, புட்டியா? நிறம் என்ன? எவ்வளவு யோசித்தும் கைக்குக் கை மாறிய அந்தச் சின்னப் பொருள் கண்ணில் தெளிவாக வரவில்லை. நாத்தனாருக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது? போன வாரமா, வருகிற வாரமா? பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளாகத் தடவியிருந்தால்? இன்னும் ஒன்றரை மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். ஆகவும் செய்யலாம். கடவுளே, இது என்ன கேள்வி!

கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் வந்தார்.

"சார், ஒரு போன் பண்ணணும். ஒரே நிமிஷம். உயிர் போற விஷயம்."

அவர் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை. "எழுந்து வெளிய போனா திரும்ப உள்ள விட முடியாதும்மா" என்றார் மெதுவாக. "எனக்காக நீங்க யாருக்காவது பண்ணுங்களேன் சார், நம்பர் சொல்றேன்" என்றாள். சொல்லப் போனால் நம்பர் ஞாபகம் வரவில்லை. நூற்றுக்கணக்கான மருந்து இருந்த மண்டையில் ஒரு போன் நம்பர் இல்லை. எல்லாம் பெட்டிக்குள் போனில் இருந்தது.

"உங்களுக்கு இது எத்தனாவது தடவை?" என்று கேட்டார் அவர்.

"மூணாவது."

அவள் திரையைப் பார்த்தாள். அறுபத்தெட்டாவது கேள்விக்குச் சரியான விடையை அழுத்தினாள். பிறகு முடித்தேன் என்ற பொத்தானையும் அழுத்திவிட்டு எழுந்தாள்.

வாசலில் பெட்டியைத் திறந்து போனை எடுத்தாள். நாத்தனார் போனை எடுக்கவில்லை. தங்கை எடுத்தாள்.

"அன்னிக்கு அண்ணிக்கு என்ன கொடுத்த நீ?"

"எதைக்கா? ஓ, அந்த வாய்க் களிம்பா? நாலு வேளையும் தடவச் சொன்னேன். நல்லா கேக்குதாம். தீர்ந்துடுச்சுன்னு நேத்து இன்னொரு குழல் வாங்கிக் கொடுத்தேன். ஏன்க்கா?"

"இப்ப எங்க இருக்கீங்க?"

"அவங்க வீட்லதான். வாய் கொப்பளிக்கிறப்ப ரத்தம் வருதாம் ரெண்டு நாளா. பல்செட் கீறியிருக்கும்னு..."

"நிறுத்து. அதைத் தூக்கிப் போடு. அவங்களைக் கூட்டிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. மஞ்சள் புத்தகத்தை எடுத்துக்கோ. அந்தக் களிம்பையும் எடுத்துக்கோ."

"தூக்கிப் போடவா, எடுத்துக்கவா? என்னக்கா சொல்ற?"

"எடுத்துக்கிட்டுப் போடி!"

அவள் போய்ச் சேர்ந்தபோது நாத்தனாரைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போய் நீலம் பாரித்திருந்தது. எங்கே இடித்தது என்று கேட்டால் இடிக்கவே இல்லை என்றார். ரத்தத்தின் எண் மூன்றுக்குள் இருக்க வேண்டியது ஒன்பதைத் தாண்டியிருந்தது. மாற்று மருந்து கொடுத்துவிட்டார்கள், இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் அங்கிருந்த இளம் மருத்துவர். அடுத்த பரிசோதனை வரை விட்டிருந்தால், தலைக்குள் கசிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். "களிம்புன்னு யாருங்க கண்டுபிடிச்சது? நாங்களே கேட்டிருப்போமான்னு தெரியல."

தங்கை மூலையில் நின்று விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். "அழாதடி. குக்கருக்குப் பழி தீத்துட்டேன்னு நினைச்சுக்கோ" என்றார் நாத்தனார். தங்கை இன்னும் சத்தமாக அழுதாள். பிறகு நாத்தனாரின் பார்வை குழாயக்காவின் மேல் நின்றது. அவள் நெஞ்சில் பரீட்சை எண் அச்சிட்ட அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு இன்னிக்குப் பரீட்சை இல்ல?"

"முடிஞ்சிடுச்சு அண்ணி."

"மணி பன்னிரண்டரைதான் ஆகுது. ஒரு மணி வரைக்கும்னு என் தம்பி சொன்னானே?"

"சீக்கிரமா எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குழாயடியில் நின்று ஆத்திரம் தீர அழுதாள். நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்பெல்லாம் அப்போது வரவில்லை. அந்த ஸ்டூல் போய்விட்டதே என்றுதான் அழுதாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. எழுதிய அறுபத்தெட்டில் அறுபத்து மூன்று சரி. தேறவில்லை. இனி எழுத முடியாது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. டாக்டரம்மா மேலிடத்துக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார், விதி விதிதான் என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் நோட்டைக் கிழிக்காமல் எடுத்து அலமாரியில் வைத்தார். எந்த ஐந்து தப்பாகப் போயிற்று என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. நுரையீரலாகத்தான் இருக்கும்.

நாத்தனாரிடம் உண்மையை யார் போட்டு உடைத்தது என்று தெரியாது. வீட்டுக்காரர் சத்தியமாக நான் இல்லை என்றார். அவர் சத்தியம் செய்தால் அவர்தான்.

அடுத்த மாதம் பல்செட்டைச் சரிபார்க்க நாத்தனார் வந்தார். வரவேற்பில் எல்லாருக்கும் கொடுக்கிற படிவத்தை அவருக்கும் கொடுத்தார்கள். என்ன நோய், என்ன மருந்து என்று கேட்கிற அந்தப் படிவத்தை இத்தனை வருஷமும் அவர் வெறுமையாகவே திருப்பிக் கொடுப்பது வழக்கம். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு கால்மணி நேரம் எழுதினார். குழாயக்கா உள்ளே கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா படிவத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அதை அவளிடம் நீட்டினார்.

எடுத்துக்கொள்ளும் மருந்துகள் என்ற இடத்தில் வார்ஃபரின் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒத்துக்கொள்ளாதவை என்ற இடத்தில், 'என் தம்பி பெண்டாட்டியின் தங்கை கொடுக்கிற எதுவும்' என்று எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில், உங்கள் மருந்துகளைப் பற்றி நாங்கள் யாரைக் கேட்க வேண்டும், மருத்துவரின் பெயர் என்ன என்று இருந்தது. அதில் ஒரு பெயர். பதினான்கு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் எழுதியிராத, சொல்லியிராத, குழாயக்காவின் சொந்தப் பெயர்.

"அந்த ரூம் ஸ்டூலை இங்க கொண்டு வந்து போடுங்க" என்றார் டாக்டரம்மா. "லைசென்ஸ் வேணும்னா பல்லைத் தொடறதுக்குத்தான் வேணும். உக்காந்து குழாய் பிடிக்க யாரும் கேக்க மாட்டாங்க. இனிமே படிவம் எல்லாம் முதல்ல உங்ககிட்ட வரட்டும்."

அவள் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உறையை எடுத்தாள். உட்கார்ந்தாள். நாத்தனார் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து காத்திருந்தார்.

"ராத்திரி பல்செட்டக் கழட்டி வைக்கிறீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

வாய் நிறையக் குழாயோடு நாத்தனார் என்னவோ சொன்னார். ஆமாம் என்றாரா, இல்லை என்றாரா, அவளுக்குப் புரியவில்லை.